குறிப்பு என்ற கட்டத்தில்

காலை ஆறு மணிக்கு மதகின் அளவுகோலைப் பார்த்து
பதிவேட்டில் எழுதுவது என் வேலை.
இரண்டடி நாலு அங்குலம். இரண்டடி மூன்று.
அந்த ஆடி முழுக்கப் பூஜ்யம் போட்டேன்,
பூஜ்யத்தையும் நீல மையில், வட்டம் கோணாமல்.
ஏழு மணிக்குள் போன் வந்துவிடும்:
"தண்ணி எப்பங்க வரும்?"
ஆவணத்திலிருந்து, குருவிக்கரம்பையிலிருந்து,
நாற்றங்காலைக் காலால் தட்டிப் பார்த்தபடி.
பேராவூரணிக்குத் தெற்கே காவிரி
முதலில் கேள்வியாகத்தான் வந்து சேரும்.

கேட்காத ஒன்றை வளர்த்தால் என்ன
என்று தோன்றியது அப்படியொரு காலையில்.

விராலிமலைப் பக்கம் கல்யாணத்துக்குப் போனபோது
பஸ் பஞ்சரான இடத்தில் பார்த்தது அது.
மார்கழிக் கடைசி. சரளைச் செம்மண்.
புதர் முழுக்கச் சிவப்பு.
பூவென்று கிட்டே போனால், காய்.
மூன்று இறகு வைத்த காகிதக் காய்,
நடுவில் பச்சை, ஓரத்தில்
ஆறிவரும் புண்ணின் பொருக்கு நிறம்.
இலை விரலில் பிசுபிசுத்தது.
"விராலிம்மா. வேலிக்கு வைப்பாங்க,
ஆடு தொடாது" என்றார் டிரைவர், ஜாக்கியைச் சுழற்றிக்கொண்டே.
டிக்கெட்டில் மடித்து ஒரு பிடி விதை கொண்டுவந்தேன்.

வெந்நீரில் ஊறி முளைத்த ஒன்பதில்
ஐந்தை அன்பு கொன்றது.
அன்பின் பெயர் தருமையன், என் வீட்டுக்காரர்.
காய்ந்த மண்ணைக் கண்டால்
கை தானாகக் குடத்துக்குப் போகிற மனுஷர்.
"வாடிக் கெடக்கு, பாவம்" என்று ஊற்றினார்.
ஊற்ற ஊற்ற வாடியது.
பிடுங்கினால் வேரில் சாக்கடை வாசம்.
மூன்றை ஐப்பசி மழை எடுத்துக்கொண்டது.

மிஞ்சிய ஒன்றை
கஜாவில் சாய்ந்த தென்னையின் வேர்க்கட்டி மேல் வைத்தேன்,
அள்ள ஆளில்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்த மேடு.
ஓட்டுச் சில்லும் செங்கல் பொடியும் குழிக்குள்.
கொல்லையில் முழங்கால் நீர் நின்றாலும்
அதன் கால் நனையாது.
தருமையனிடம் சத்தியம் வாங்கினேன்.
"காவிரிப் பாசனத்துல ஒரு செடிக்குத்
தண்ணி ஊத்தக் கூடாதுன்னா..."
முடிக்காமல் பீடி பற்றவைத்தார்.

அந்தப் பங்குனியில்
ஆறு முறை நானே குடத்தைத் தூக்கி
ஆறு முறை கீழே வைத்தேன்.
ஊற்றாமல் இருப்பதற்குப்
பதிவேட்டில் கட்டம் கிடையாது.

மூன்றாம் மார்கழி.
மழை விட்டு எல்லாம் பச்சை.
வயல், வரப்பு, குளம் அடைத்த ஆகாயத்தாமரை,
மின்கம்பத்தில் ஏறிய கோவைக்கொடி.
கண் நிற்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும்.
பால் ஊற்ற வந்த செல்லக்கிளி கேட்டாள்:
"கொல்லையில சேலை எதுவும் பறந்து விழுந்து கெடக்கா?"

ஊரே இலை சிவந்து உதிர்கிற தேசங்களை
உரக்கடைக் காலண்டரில் பார்த்திருக்கிறேன்.
எங்களுக்கு ஒரு புதர். இருபது நாள்.

அன்றைக்கு எழுதினேன்:
நாலடி இரண்டு அங்குலம். இரண்டு ஷட்டர் திறப்பு.
எப்போதும் காலியாக விடும் குறிப்பு என்ற கட்டத்தில்:
விராலி சிவந்தது.
மாதக் கடைசியில் உதவிப் பொறியாளர் ஆரோக்கியநாதன்
ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு மையில் ஒரே கோடு.
அவர் போனபின் கோட்டின் பக்கத்தில்
ஒரு காயை வைத்துப் பார்த்தேன்.
மை கொஞ்சம் வெளிறல்.

தை பாதியில் மேட்டூரை மூடினார்கள்.
காய்கள் உலர்ந்து சலசலத்தன, காற்றுக்குக் கழன்றன,
பாதி கொல்லையில், பாதி வாய்க்காலில்.
வடிகிற கடைசி நீரில்
சின்னச் சின்ன இறகுகள் தெற்கே போயின.
மதகுக்குப் போனேன்.
ஒன்பது என்ற எண்ணின் மேல்
ஒன்று ஒட்டியிருந்தது.
எடுக்காமல் படித்தேன்: ஓரடி ஒன்பது.
போன் அடித்தது.